காளி தோற்காத நாவல்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எந்தக் கதையைக் கொடுத்தாலும் ஆசையாகப் படிப்பார்கள், சார். அதனால்தான் தேர்ந்தெடுக்கிறவன் கவனமாக இருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தனியார் பள்ளிகள் சில சேர்ந்து, ஆண்டுக்கொரு நாவலைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகின்றன. இந்த முறை புராணத்தை வைத்து எழுதிய மாயக்கதை வேண்டும் என்றார்கள். நான் தமிழாசிரியர், தேர்வுக்குழுவில் என்னையும் சேர்த்தார்கள். கடைசியில் இரண்டு நாவல்கள் நின்றன. ஒன்று, பாற்கடலுக்கு அடியில் போய் வரும் சிறுவனின் கதை. மற்றது சுகிர்தா எழுதியது.

சுகிர்தா என் பழைய மாணவி. அப்பா மோசஸுக்கு இரும்பு ஆலையில் வேலை, வீடு பொன்னேரியில். திருவாலங்காட்டில் சிவனும் காளியும் ஆடிய போட்டியை வகுப்பில் ஒருமுறை சொன்னேன். சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கினார், காளி கூசி நின்றாள், தோற்றாள் என்றேன். சுகிர்தா எழுந்து, "காளியம்மாவும் காலத் தூக்கியிருந்தா இன்னா சார் ஆயிருக்கும்?" என்று கேட்டாள். நாவலில் காளியையும் காலைத் தூக்க வைத்துவிட்டாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை நான் திரும்பவும் படித்தேன்.

குழுவில் மற்றவர்களுக்கு அவள் நாவலே பிடித்திருந்தது. பெற்றோரையும் ஒரு வார்த்தை கேட்பதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து எங்கள் பகுதி வாட்ஸப் குழுவில் போட்டேன். எழுதியது மோசஸ் மகள் என்று கீழே சேர்த்தேன். அதில் பொய் இல்லை. பொன்னேரியில் எந்தத் தெரு என்று ஒருவர் கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்வது மரியாதை. சொன்னேன்.

மறுநாள் மாலை மோசஸ் போன் செய்தார்.

"சார், ஊட்டாண்ட கும்பலா வந்துக்கினு கீறாங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நீங்க கதைய முழுசா படிச்சவரு. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

டியூஷன் நடக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். பிள்ளைகளைப் பாதியில் விட்டுப் போவது என் பழக்கமில்லை. அதற்குள் அவரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்குப் போனேன். தெருக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. சுகிர்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வந்தீங்களே சார்" என்றாள். கையை நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

பாற்கடல் நாவல்தான் தேர்வானது. அட்டையில் என் மனைவி பெயர் இருக்கிறது, எழுதியது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

சுகிர்தா எழுதுவதையே விட்டுவிட்டாள் என்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து உள்ளே உண்மையாக இருந்தால், இதற்கெல்லாம் யாராவது விடுவார்களா சார்?