முப்பது பல்லுச் சில்லு

சீனி இல்லாத தேநீர் கேட்டதற்குக் கோபிக்க வேண்டாம், சேர். ஐம்பது வயதுக்குப் பிறகு எதையும் அளவோடு வைத்துக்கொள்பவன் நான். கேட்டதையெல்லாம் சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஜவாத். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பற்றரி மணிக்கூடுகளுக்கு நான் பெரிதாக முகம் கொடுப்பதில்லை. சாவி கொடுத்து ஓடுகிற பழைய சுவர் மணிக்கூடுதான் எனக்குப் பிடித்த வேலை. போன வருடம் எங்கள் பள்ளிவாசலின் மணிக்கூட்டை என்னிடம் தந்தார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஜேர்மன் சாமான். ரமழானுக்கு முன் பள்ளியின் புது மண்டபம் திறக்கிறோம், அன்றைக்கு இது சுவரில் ஓட வேண்டும் என்றார்கள்.

திறந்து பார்த்தேன். ஊசல் ஆட ஆட ஒவ்வொரு பல்லாகத் தாண்டுகிற சில்லு, பற்சக்கரம், ஒன்று உள்ளே இருக்கும். மொத்தம் முப்பது பல்லு. அதில் நான்கு முறிந்திருந்தன. கொழும்பில் சொல்லிப் புதிதாக ஒன்று வெட்டி எடுத்தேன். போட்டால் ஓடியது, ஆனால் நடை சரியில்லை. பழைய உடம்புக்குப் பழைய உறுப்புத்தான் ஒத்துவரும். அதே கம்பனி, அதே காலம், அதே தேய்மானம் வேண்டும். அப்படி ஒன்று எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். சபியா உம்மாவின் வீட்டுச் சுவரில். அவருடைய வாப்பாவும் அந்தக் காலத்துப் பள்ளிவாசல் தலைவரும் ஒரே கடையில் சோடியாக வாங்கியவை அவை.

சபியா உம்மா எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார். எழுபத்தெட்டு வயது, இருதய வருத்தம், கண்ணும் மங்கல். போய்க் கேட்டேன்.

"எங்கட வாப்பா கொழுவின மணிக்கூடு மனே. நான் மௌத்தான புறகு கழட்டிக்க. அதுவரைக்கும் அதுல கைய வெச்சிராத" என்றார்.

நியாயமான பேச்சு. மறுத்துவிட்டு விடவில்லை, தன் மரணத்துக்குப் பிறகு என்று ஒரு வழியும் சொன்னார். பெரியவர்களின் வாக்கை அப்படியே எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

மாதாமாதம் கிளினிக்கில் மருந்துத் துண்டைக் காட்டி அவருக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பது நான்தான். அவருடைய மகள் ஹப்ஸா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுக்கு அந்த வரிசையில் நிற்க நேரமில்லை. இருதயக் குளிசை சின்னது, வெள்ளை, நடுவில் ஒரு கோடு. அதற்குப் பொருத்தமாக இன்னொன்று தேடுவது சில்லுத் தேடுவதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். அப்படியில்லை. நான்கு பாமசி ஏறி இறங்கினேன். ஒன்று தடிப்புக் கூட, ஒன்றில் கோடு இல்லை, ஒன்று மஞ்சள் பாரித்திருந்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. கடையில் வைத்து அளந்து பார்த்தேன், நூலளவு வித்தியாசமும் இல்லை. தயவுசெய்து நஞ்சு என்று எழுதாதீர்கள், சேர். அது கல்சியம். எலும்புக்கு நல்லது.

இரண்டாம் மாதம் சபியா உம்மாவுக்குக் கால் வீங்கியது, மூச்சும் வாங்கியது. பொட்டலத்தை வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ளையும் இப்பிடிப் பாக்காது மனே. அல்லாஹ் ஒன்ன நல்லா வெச்சிரிக்கட்டும்" என்று துஆச் செய்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று முழுக்கக் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. அடுத்த நாள் சரியாகிவிட்டது.

நான்காம் மாதம், ஒரு வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்கு முன் மௌத்தானார். சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மணிக்கூட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, சோறு கொடுத்து முடியட்டும் என்று பொறுத்தேன். ரமழான் நெருங்கிக்கொண்டிருந்தது, இருந்தாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. மையித்தின் பொருள் வாரிசுக்காரருக்குரியது. அவர்கள் மனம் பொருந்தித் தராத சில்லைப் பள்ளி மணிக்கூட்டில் போடுவது ஹறாம். இந்த விசயத்தில் நான் மிகவும் பேணுதலானவன்.

ஹப்ஸாவிடம் போய், உம்மா சொன்ன வாக்கைச் சொல்லி மணிக்கூட்டைக் கேட்டேன். அவளுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"உம்மாட்ட ஏன் கேட்டீங்க காக்கா? இது எனக்குச் சீதனமாத் தந்த வீடு. செவத்துல கொழுவிக் கிடக்கிறதும் எண்டதானே. எனக்கிட்டக் கேட்டிருந்தா அண்டைக்கே கழட்டித் தந்திருப்பன். வேறொரு சில்லப் போட்டு ஓட உட்டிருந்தா உம்மாக்குத் தெரியவா போகுது?"

கதிரையில் இருந்துவிட்டேன். மூன்று குமர்ப் பிள்ளைகளைக் கரைசேர்த்து, மூவருக்கும் வீடு எழுதிக் கொடுத்தவன் நான். வீடு மகளுக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மூத்தவர் இருக்கும் வீட்டில் மூத்தவரிடம் கேட்பதுதானே மரியாதை. அந்த மரியாதையால் வந்த பிழை இது. அதற்காக உண்மையாகவே வருந்துகிறேன்.

அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்புச் சில்லு என் மேசையில் சும்மாதான் கிடந்தது. அதை உம்மாவின் மணிக்கூட்டில் போட்டிருக்கலாம்தான். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்குள் ஒவ்வாத சாமானை வைத்து ஏமாற்ற எனக்கு மனம் வராது.

அவள் மணிக்கூட்டைத் தந்தாள், சில்லைக் கழற்றிப் பள்ளி மணிக்கூட்டில் போட்டேன். மண்டபம் திறந்து மூன்றாம் நாள், மீதிக் குளிசைகளை வீணாக்க மனமில்லாமல் ஹப்ஸா அவற்றைப் பக்கத்து வீட்டு நஸீறாவுக்குக் கொடுத்திருக்கிறாள். அவருக்கும் அதே இருதய வருத்தம். அவர் பாமசியில் காட்டியிருக்கிறார். குளிசையின் மறுபக்கத்தில், இருதயக் குளிசையில் இல்லாத ஓர் எழுத்து சின்னதாக இருந்ததாம். அதைக் கவனிக்காமல் விட்டது என் கைப்பிழை.

ஓம், குளிசையை மாற்றியது நான்தான். நான்கு மாதமும் மாற்றினேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் மாற்றினேன். ஆனால் "கொன்றேன்" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள், அதை வெட்டிவிடுங்கள், சேர். ஆயுளைக் கூட்டவும் குறைக்கவும் மனிதனால் ஆகாது. சபியா உம்மாவின் தவணை அந்த வியாழக்கிழமை என்று அல்லாஹ் முன்பே எழுதிவிட்டான். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. திறப்பு நாளன்று பள்ளி மணிக்கூடு பிசகாமல் பன்னிரண்டு அடித்ததே, அதை மட்டும் நான் செய்ததென்று எழுதுங்கள்.