இழை விட்டுப்போன சேலை

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால். அக்ரஹாரம் நிறுத்தத்தில் பேருந்து ஏறிய, ஐம்பதைக் கடந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவளின் மடியில் துணிக்கடைப் பை இருந்தது.

"நேத்து எங்க வீட்டுக்காரரு என்னைக் கன்னாபின்னான்னு திட்டினாரு அக்கா. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு," என்றாள் அவள்.

"திட்டினதுக்கா சந்தோஷம்?"

"பின்னே? அவருக்கு இத்தனை வருஷமா பட்டு மில்லுல சேலையில குறை கண்டுபிடிக்கிற வேலை. ரிட்டையராகி மூணு மாசமா எதைக் கேட்டாலும் 'சரி'தான். உப்பே போடாம சாம்பார் வெச்சுப் பாத்தேன். அதுக்கும் 'சரி'. மனுசன் இப்படியே அடங்கிடுவாரோன்னு பயந்துட்டேன்."

"ஹௌதா, அப்படியா! அப்புறம்?"

"நேத்து இந்தச் சேலையை வாங்கிட்டு வந்தேன். ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பாத்துட்டு, 'பார்டர்ல இழை விட்டுப்போயிருக்கு, கண்ணை எங்க வெச்சிருந்தே?'ன்னு ஒரே சத்தம். இப்ப மண்டி மொஹல்லா கடைக்கு, அதை மாத்தத்தான் அவரையும் கூட்டிட்டுப் போறேன்."

பின்னால் ஆண்கள் பக்கமிருந்து அதட்டலாக ஒரு குரல் வந்தது. "ஏய், பில்லை எடுத்தியா?"

"எடுத்தேன், எடுத்தேன்!"

மூத்தவள் கேட்டாள்: "வாங்கறப்போ நீ பாக்கலையா?"

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "கடைக்காரரே சொன்னாரு, இதுல குறை இருக்கும்மா, வேற எடுன்னு. நான்தான் இதுவே வேணும்னு வாங்கிட்டு வந்தேன்."

"ஐயோ, அதை அவரு இன்னைக்கு உம் புருஷன்கிட்டச் சொல்லிட்டா?"

"சொல்லட்டும் அக்கா. இன்னொரு தடவை திட்டுவாரு."