எட்டு இறகு

– கையத் தெற, தமிழு. எவ்ளோ நேரம் அதக் கட்டிப் புடிச்சிகினே மாடியில நிப்ப?

– நெஞ்சத் தொட்டுப் பாருங்க.

– மெஷின் கணக்கா அடிக்குது! பயந்துடுச்சா?

– இல்ல. புறாவுக்கு அப்படித்தான். அதோட ஒடம்பு அளவுக்கு இதயம் பெருசு.

– சரி, கால்ல கட்டுற சீட்டு எங்க?

– கட்டல.

– இன்னாது?

– மூணு வாட்டி எழுதுனேன். கிழிச்சிட்டேன்.

– அடிப்பாவி! நாம கல்யாணம் பண்ணிகினு வந்து நாலு மாசம் ஆச்சு. உங்க நைனா ஒரு போன் எடுக்கல. "நைனா, நல்லா இருக்கேன்"னு ஒரு வரி எழுத மாட்டியா? குடு, நான் எழுதறேன்.

– வேணாங்க. நைனாவும் நானும் புறாவப் பத்தித் தவிர எதுவும் பேசுனது இல்ல. சாம்பி போனா போதும்.

– வெறும் புறா அவலூர்பேட்டையில உங்க நைனா ஊட்டுல போயி எறங்குனா, வழி தெரிஞ்சி வந்துட்டுதுன்னு கூண்டுல அடைச்சிட்டுப் போவாரு.

– அடைக்க மாட்டாரு. மொதல்ல றெக்கைய விரிச்சிப் பாப்பாரு. எந்தப் புறா வந்தாலும் அதான் செய்வாரு.

– பாத்து?

– வலது பக்கம் எட்டு எறகு புதுசா இருக்கும்.

– ஐய, அத மறுபடி எடுக்காத. சத்தியமா வெவரம் தெரியாம பண்ணது. ஆட்டோ ஸ்டாண்டுல வீரமணிதான், "புதுப் புறாவா? ஒரு பக்கம் வெட்டி உடு, இல்லன்னா பழைய ஊட்டுக்கே ஓடிடும்"னான். உன்கூட வந்த ஒரே சொந்தம் அதுதான். அதுவும் போயிடுமோன்னு கத்திரிய எடுத்துட்டேன்.

– தெரியும். அதான் திட்டல.

– திட்டியிருந்தா தேவல. ரெண்டு நாள் வாயே தெறக்கலியே நீ. ஆனா ஒண்ணு சொல்லு. முடிய வெட்டுனா வளருது, நகத்த வெட்டுனா வளருது. எறகு ஏன் வளரல?

– முடி அடியிலேருந்து தள்ளிகினே இருக்கும். எறகு முழுசா வளந்துட்டா அதோட நின்னுடும். பாதியில வெட்டுனா, தானா உதுர வரைக்கும் பாதியாத்தான் நிக்கும். அந்த அடிக்கட்டையப் புடுங்குனாத்தான் அந்தக் குழியில புதுசு மொளைக்கும்.

– அதான் வாரத்துக்கு ஒண்ணா புடுங்கிகினு இருந்தியா?

– எட்டையும் ஒரே நாள்ல புடுங்குனா தாங்காது. புதுக் குருத்துக்குள்ள ரத்தம் ஓடும். அடிபட்டா ஒழுகிடும். எறகு விரிஞ்சி, ரத்தம் வத்தி, தண்டு காஞ்சாத்தான் காத்துக்கு நிக்கும். கடைசி எறகு போன வாரம்தான் காஞ்சிது.

– சரி, வெறுங்காலோடவே உடு. வெயில் ஏறுது.

– ம். போ சாம்பி.

– ஏயப்பா! கை தட்டுற மாதிரி சத்தம்!

– மேல தூக்கறப்ப றெக்க ரெண்டும் முட்டிக்குது.

– ஒரு கை அளவு ஒடம்பு. இம்மாம் வேகம் எங்கேர்ந்து வருது?

– நெஞ்சுலேருந்து. கீழ அடிக்கிற சதையும் நெஞ்சுலதான், மேல தூக்குற சதையும் நெஞ்சுலதான்.

– கீழ இருக்கற சதை எப்பிடி மேல தூக்கும்?

– தோள்பட்ட எலும்புல ஒரு ஓட்ட இருக்குது. சதையோட நாணு அதுவழியா ஏறி றெக்கையப் புடிச்சிகினு இருக்குது. கெணத்து உருளையில கயித்தக் கீழ இழுத்தா வாளி மேல வருதில்ல, அந்த மாதிரி. கனமெல்லாம் அடியில இருக்கறதால கவுராது.

– எவன்டா அந்த மெக்கானிக்கு! அந்த ஆளக் கூட்டியாந்து என் ஆட்டோவக் காட்டணும்.

– சுத்துது பாருங்க. ரெண்டு சுத்து சுத்திட்டு நேரா போவும்.

– தமிழு, ராஜகிரி மலை மேல அது இன்னா? பருந்தா?

– பருந்து றெக்க அகலமா இருக்கும். இது கூரா இருக்குது. வல்லூறு.

– புறாவ அடிக்குமே, அதுவா?

– அதேதான்.

– கூப்புடு சாம்பிய! விசில் அடி!

– இனிமே வராதுங்க.

– ஐயோ, மேல மேல ஏறுது.

– ஏறி, றெக்கைய மடிச்சிகினு கல்லு மாதிரி உழும். அதவிட வேகமா எந்தப் பறவையும் எறங்காது.

– இப்ப அத மெச்சுற நேரமா?

– எனக்கும் பயம்தாங்க. ஆனாலும் அழகாத்தான் இருக்குது.

– உழுந்துச்சி!

– எங்க?

– மலைக்கு அந்தாண்ட. ஒண்ணும் தெரியல. சாம்பியும் தெரியல.

– ம்.

– ஏதாவது பேசு, தமிழு. எனக்கு டென்ஷனாவுது.

– வல்லூறும் பருந்தும் ஒரே கூட்டம்னு ரொம்ப வருசம் புத்தகத்துல வெச்சிருந்தாங்க. ரெண்டுக்கும் மூக்கு வளஞ்சிருக்குது, நகம் கூரா இருக்குதுன்னு. அப்பறம் மரபணு எடுத்துப் பாத்தாங்க. வல்லூறுக்குக் கிட்டத்து சொந்தம் பருந்து இல்ல. கிளி.

– எந்தக் கிளி? சீட்டு எடுக்குற கிளியா?

– ம். வெளிய பாத்துப் பிரிச்சது தப்பாப் போச்சு.

– இத நாலு மாசத்துக்கு முன்னாடி உங்க நைனாகிட்ட சொல்லியிருக்கலாம். "அவங்க வேற, நாம வேற"ன்னு வாசல்ல நின்னு கத்துனாரே.

– அப்ப வாய் வரல.

– எவ்ளோ நேரம் ஆச்சு?

– இருவத்தஞ்சி நிமிசம்.

– பஸ்ல போனா ஒரு மணி நேரம். அது குறுக்கால போவுது. இந்நேரம் போயிருக்கும்.

– போயிருந்தா.

– அழுவாத. எட்டு எறக வளத்துக் குடுத்தியே. தப்பிச்சிருக்கும். சத்தியமா தப்பிச்சிருக்கும்.

– இங்கயே நின்னு ஒரு மணி நேரம் ஆயிடுச்சிங்க. வாங்க, கீழ போலாம்.

– இரு. உன் போன் அடிக்குது. தமிழு! உங்க நைனா!

– நீங்க எடுங்க.

– என் குரலக் கேட்டா வெச்சிடுவாரு. ஸ்பீக்கர்ல போடு, பேசு.

– நைனா.

– சாம்பி வந்துட்டா.

– அடி ஏதாவது பட்டிருக்குதா நைனா?

– வாலுல ரெண்டு எறகு இல்ல. ஏதோ எட்டிப் புடிச்சிருக்குது. இவ அதுக்குள்ள தாண்டிட்டா. வலது றெக்கையில எட்டும் புதுசு.

– ம்.

– ஒவ்வொண்ணா புடுங்குனியா?

– ஆமா நைனா.

– ஒண்ணுகூட கோணல.

– சாப்டியா நைனா?

– அது கெடக்குது. கால்ல சீட்டு கட்டி அனுப்பியிருக்குற. என் கண்ணாடி ஒடஞ்சிப் போச்சு, எழுத்து தெரியல. நீயே வந்து படிச்சிக் காட்டு. அந்தப் பையனையும் கூட்டிகினு வா.