இரண்டு காசுச் சாட்சி

கொட்டும் மழையிலும் குடை பிடிக்காமல் கூட்டம் நடத்தும் தலைவர் டெல்மா ஜோ அவர்களே! நம் குலம் கூடும் நீள்வீட்டின் மூத்தோர்களே! விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு அகலாமல் சால்மன் மீன் சுட்டுத் தரும் தாய்மார்களே! மேலாற்றிலிருந்து படகேறி வந்த உறவுகளே! விசாரணை மண்டபத்துக்குள் நடந்ததை வெளியே நனைந்து நின்ற உங்களுக்குச் சொல்ல ஓடி வந்தவன், வணங்குகிறேன்.

ஏற்கெனவே இருக்கிறது ஓர் எண்ணெய்க் குழாய். அது கசிந்தபோது, நம் கரையில் நாமே சிப்பி தோண்டக் கூடாதென்று பலகை நட்டார்கள். என் மகள் பிறந்த ஆண்டில்தான் அந்தப் பலகை பிடுங்கப்பட்டது. பலகை நின்ற குழி தூருமுன் இன்னொரு குழாயா? பழையதைவிடப் பருத்த குழாயா? வரலாமா? என்ன, கூடாதா? மண்டபத்தின் அந்தக் கண்ணாடிக் கதவுக்குக் கேட்கவில்லையே! ஆம், இப்போது கேட்டிருக்கும்.

ஆனால் குழாய்க் கம்பெனியின் வக்கீல் காலையில் என்ன சொன்னார்? ஊராரைக் கலந்தோம், ஊரார் மறுக்கவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் முழுத் திமிங்கிலத்தையே மறைத்தார்.

நினைவிருக்கிறதா, போன குளிர்காலத்தில் நீள்வீட்டில், வளர்ந்துவிட்ட என் மகளுக்கு நம் வழக்கப்படி முன்னோர் பெயரைச் சூட்டினோமே? கம்பெனி அதிகாரி டெரெக் ஹோல்மும் விருந்துக்கு வந்தார். என் அத்தை ஈவா அவரைச் சாட்சியாக அழைத்து, உள்ளங்கையில் இரண்டு காசு வைத்தாள். பேருந்துக்குக் காசில்லாதவன் என்று நினைத்துவிட்டார்களோ என்று மனிதர் நெளிந்தார். சிரியுங்கள், சிரியுங்கள்! சாட்சிக் காசு வாங்கியவர், கண்டதையும் கேட்டதையும் கேட்பவருக்கெல்லாம் உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர். நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த இது, பாவம், அவருக்குத் தெரியவில்லை.

பெயர் சூட்டிய கையோடு அத்தை சொன்னாள்: இந்தப் பிள்ளையின் கரையில் இன்னொரு குழாய் வேண்டாம். மறுப்பதற்கு அடையாளமாக எல்லோரும் எழுந்து நின்றோம். மரியாதைக்காக ஹோல்மும் எழுந்து நின்றார்!

இன்று வக்கீல் பேசி முடித்ததும் அத்தை ஒலிபெருக்கியிடம் போனாள். வாதாடவில்லை, வசைபாடவில்லை.

"ஹோல்ம் தம்பி, எங்க வீட்டுல காசு வாங்கினீங்களே. அன்னைக்கு என்ன கேட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

லஞ்சமா என்று துள்ளினார் வக்கீல். அத்தை பொறுமையாக நம் வழக்கத்தை விளக்கினாள். ஹோல்மின் முகம் வெளுத்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும்; சொல்லாவிட்டால் நம் கரை போகும். அவர் சட்டைப் பையைத் துழாவினார். அந்தக் காசு அங்கேயே இருந்தது!

"அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. எல்லாரும் எழுந்து நின்னு சொன்னாங்க. நான் மேலிடத்துல சொல்லிட்டேன், யாரும் காதுல வாங்கல."

விசாரித்தவர்கள் கம்பெனியின் கூற்றைத் தள்ளிவிட்டார்கள். விசாரணை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். குழாய் சாகவில்லை, பொய் செத்தது.

அந்த மனிதர் இப்போது வேலையை இழந்து கடைசி வரிசையில் நிற்கிறார். திரும்பாதீர்கள், கூச்சப்படுவார் என்று சொல்ல வந்தேன். அதற்குள் எல்லோரும் திரும்பிவிட்டீர்கள்! தாய்மார்களே, முதல் துண்டு மீன் அவருக்கு.

அதோ, அத்தை கூடை நிறையக் காசோடு இறங்கி வருகிறாள். யோசித்துக் கை நீட்டுங்கள். வாங்கினால் நீங்களும் சாட்சி. ஊரார் மறுக்கவில்லை என்று இனி எவராவது சொல்லட்டும், இத்தனை பேரும் எழுந்து நிற்போம். நனைந்து நின்று கேட்ட உங்களுக்கு நன்றி. கடல் உள்வாங்குகிறது, என் மகள் வாளியோடு காத்திருக்கிறாள், சிப்பி தோண்டப் போகிறேன். வணக்கம்!