நாற்பது பக்கம் பிரெஞ்சில், ஒரு பக்கம் தமிழில்

பக்க எண் போடாத கோப்பைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும், ஷார்லோத். தொழிலால் வந்த குணம். லா ஷப்பல் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் ஒரு கடையை உள்ளலங்காரம் செய்து திறப்பதென்றால், அதற்கான விவரக் கோப்பை எழுதுவது நான். எந்தச் சுவரில் எந்தப் பலகை, எத்தனை மில்லிமீற்றர், நெருப்புப் பிடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நாற்பது பக்கம் வரும். பதினாறு வருடமாக ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில், ஒரு பல்வைத்தியரின் மேல்மாடியில் இருந்து எழுதுகிறேன். உம்முடைய அப்பா மரியரட்ணம் அண்ணை செய்து முடித்த கடைகளில் பாதிக்கு மேல் என் கோப்பிலிருந்து வந்தவைதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கோப்பு பிரெஞ்சில் இருக்கும். அது நகரசபைக்கும் காப்புறுதிக்கும் போகும். வேலை செய்கிறவர்களுக்கு அதைப் படிக்க நேரமும் இல்லை, பாதிப்பேருக்கு அந்தப் பிரெஞ்சும் இல்லை. ஆகவே சாரத்தை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பேன். அண்ணை அந்தத் தாளை வைத்துத்தான் வேலை செய்வார். பிரெஞ்சுக் கோப்பின் மூலைகளில் ஒரு வரி படிக்காமல் கையெழுத்து வைப்பார். ஒருமுறை வாசித்துவிட்டு வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீர் எழுதினதை நான் வாசிக்கிறதோ தங்கச்சி? எங்கை வைக்கிறது எண்டு மட்டும் சொல்லும்" என்றார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

குகதாசன் அண்ணையின் சேலைக்கடை விசயத்துக்கு வருகிறேன். கூரை முழுக்கச் செதுக்கிய தாமரைகள் வேண்டும் என்றார். நெருப்புத் தாங்கும் பிளாஸ்டர் என்று கோப்பில் எழுதினேன். வேறு எழுதினால் அனுமதி வராது. அனுமதியும் வந்தது. செப்டம்பர் கடைசியில் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார்.

"பிள்ளை, தீபாவளிக்கு முதல் திறக்காட்டி இந்த வருசம் எனக்கு வியாபாரமில்லை. பிளாஸ்டரிலை செய்து காயவிட மூண்டு கிழமை. ரெஜிபோம் எண்டால் நாலு நாள். பெயின்ற் அடிச்சால் ஆருக்குத் தெரியும்?"

ரெஜிபோம் என்பது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்த வெள்ளைப் பொருள். கலியாணவீட்டு, சாமத்தியவீட்டு மேடைத் தூண்களை எல்லாம் அதில்தான் வெட்டுகிறார்கள். அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து வைத்திருப்பதுதான் என் தொழில். பிரெஞ்சுக் கோப்பை நான் தொடவில்லை. தமிழ்த் தாளில் மட்டும் பிளாஸ்டர் என்ற இடத்தில் ரெஜிபோம் என்று எழுதினேன். அரை நிமிட வேலை.

மரியரட்ணம் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, இது சரியோ? அங்கை லைற் எல்லாம் வருதெல்லே."

"ஓம் அண்ணை, கேட்டுத்தான் எழுதினனான்" என்றேன். யாரிடம் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

கடை தீபாவளிக்கு முதல் திறந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கூரையைப் புகழ்ந்தார்கள். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, ஒரு விளக்குச் சூடேறித் தாமரையில் நெருப்புப் பிடித்தது. கீழே நின்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். கடையின் மேல்தட்டில் சட்டை தைத்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி அக்காவால் இறங்க முடியவில்லை. கூரை உருகி ஒழுகிய இடத்துக்கு நேர் கீழேதான் படி இருந்தது. படி அங்கே வரவேண்டும் என்று எழுதியதும் நானே. செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றேன். அவவின் மகள் என் கையைப் பிடித்து, வந்ததற்கு நன்றி சொன்னாள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அந்த வெட்கம் இன்றுவரை ஒரு நாளும் குறையவில்லை. அதை நீர் நம்ப வேண்டும்.

நெருப்புப் பிடித்த அடுத்த நாளே அண்ணையிடம் போய்த் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கியிருந்தேன். விசாரணைக்குத் தேவை என்றேன். ஒரு கேள்வி கேட்காமல் தந்தார். வீட்டில் அதைக் கிழித்துப்போட்டேன்.

பிறகு காப்புறுதியின் நிபுணர் எரிக் வந்தார். மொழிபெயர்க்க அண்ணை என்னையே கூட்டிக்கொண்டு போனார். கோப்பில் பிளாஸ்டர், கூரையில் ரெஜிபோம், ஏன் என்று எரிக் கேட்டார்.

"கடுதாசியிலை என்ன இருந்துதோ அதைத்தான் வைச்சனான்" என்றார் அண்ணை.

கைவசம் என்ன இருந்ததோ அதை வைத்ததாகச் சொல்கிறார் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். எரிக் எழுதிக்கொண்டார். நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அண்ணை எனக்குத் தலையாட்டினார்.

அந்த ஒரு வரிதான் அதன்பிறகு எல்லா இடத்துக்கும் போனது. பொலிஸ் வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் விசாரித்தது. ஆனால் அதற்குள் அண்ணைக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தங்கச்சி எழுதினது பிழைக்காது, நான்தான் மாறி விளங்கியிருப்பன்" என்று அங்கே சொன்னாராம். இதை நீர்தான் எனக்கு அழுது அழுது சொன்னீர். நான் உமக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தேன்.

போன ஞாயிறு அப்பாவின் பழைய போனைத் தூக்கிக்கொண்டு எபினேயிலிருந்து என் வீட்டுக்கு வந்தீர். வேலைத்தாள்களை அவர் படம் எடுத்து வைப்பார் என்பது எனக்குத் தெரியாது. என் கையெழுத்து அப்படியே இருந்தது. உமக்குத் தமிழ் பேசினால் விளங்கும், வாசிக்க வராது. அப்பாவோ அந்தக் கடையின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, துஷாந்தி ஆன்ட்டி?" என்று பிரெஞ்சில் கேட்டீர்.

நான் நிதானமாக வாசித்தேன். கதவுப் பிடி, பெயின்ற் நிறம், சேலை அலுமாரியின் அளவு. ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து ஒவ்வொன்று சொன்னேன். அப்படியானால் இது உதவாது என்று நீரே அந்தப் படத்தை அழித்தீர். அழிக்கச் சொன்னது நான் இல்லை, அதை மட்டும் நினைவில் வைத்திரும். போகும்போது இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தீர். அன்றிலிருந்து முகம் கழுவவே எனக்குக் கூசுகிறது.

திங்கட்கிழமை வழக்கு. அப்பா சிறைக்குப் போக நேரலாம் என்று சட்டத்தரணி சொன்னதாகச் சொன்னீர். அதனால்தான் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். தாளை மாற்றியது நான். எரிக்கிடம் பொய் சொன்னது நான். உமக்குப் பொய்யாக வாசித்ததும் நான். நாகேஸ்வரி அக்கா செத்தது என்னால். பிரெஞ்சில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் மனதில் உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். எழுதி முடித்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

நாளைக் காலையில் உம்முடைய தபால் பெட்டியில் இதைப் போட்டுவிடுவேன். உறையின் மேல் மட்டும், உமக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, பிரெஞ்சில் எழுதியிருக்கிறேன்: "அப்பாவுக்குக் காட்ட வேண்டாம், அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். வழக்கு முடிந்ததும் என்னிடம் கொண்டு வாரும், பிள்ளை. நான் வாசித்துச் சொல்கிறேன்."