வாசலில் ஒரு ஹாரன்

பேச்சு நீண்டால் மணியடித்து நிறுத்துவேன் என்ற மிரட்டலோடு தலைமை ஏற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே! ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளை மடிமேல் வைத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஓட்டுநர்களே! காலையில் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, அது தின்னப்பட்டதா திரும்பி வந்ததா என்று மாலையில் திறந்து பார்க்கும் தாய்மார்களே! எவ்வளவு கழுவியும் கிரீஸ் வாசனை போகாத மெக்கானிக் தோழர்களே! நின்றே பழகியதால் நாற்காலியில் நெளிகிற என் கண்டக்டர் இனமே! எல்லோருக்கும் என் வணக்கம்.

புது ஓய்வறையைத் திறக்கும் இந்த நாளில் ஏதாவது பெரிதாகப் பேசு என்றார்கள். நான் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

மைக்ரோவேவ்.

கதவில் கீறல். உள்ளே மங்கிய விளக்கு. யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் அண்ணா. நீங்களும் அதன் முன்னால் கைகட்டி நின்றவர்தான்.

நமக்கெல்லாம் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டா? பஸ் வந்து சேரும் நேரம்தான் நமக்குச் சாப்பாட்டு நேரம். சிக்னல் தள்ளிப்போட்டால் பசியும் தள்ளிப்போகும். அதனால் நமக்குள் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் சொல்லித் தந்ததல்ல. பஸ் வருவதற்கு முன்பே, வரப்போகிறவரின் டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பாதி சூடாக்கி, உள்ளேயே விட்டுவைப்போம். வந்ததும் இன்னொரு சுற்று. உடனே சாப்பிடலாம். பசித்த வயிற்றுக்காகப் பதறிய பாசம் அது. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தோழர்களே, பாதிச் சூட்டில் காத்திருக்கும் சோறு பத்திரமாகக் காத்திருப்பதில்லை. குளிரில் இருந்தால் கிருமி உறங்கும். கொதித்தால் ஒடுங்கும். இளஞ்சூட்டில்? குடும்பம் நடத்தும்!

நம் ஹாரன் அண்ணனைத் தெரியாதவர் உண்டா? ஆளில்லாத சாலையிலும் ஐந்தாறு முறை அடிப்பவர். ஒருநாள் மதியம் நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் டப்பா பாதிச் சூட்டில் வெகுநேரம் கிடந்தது. வந்தார். பெட்டியில் இன்னொரு சுற்று ஓட்டினோம். அள்ளிப் போட்டுக்கொண்டார். ஓரம் நாக்கைச் சுட்டது, நடுவில் சில்லென்றிருந்தது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மாலை டிரிப்பில் வயிறு முறுக்கியது. வியர்த்தது. கண் இருட்டியது. அண்ணன் என்ன செய்தார்? பஸ்ஸை ஓரம் கட்டினார். பிரேக் போட்டார். கதவைத் திறந்துவிட்டார். கடைசிப் பயணி இறங்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் சரிந்தார். ஒருவருக்கும் கீறல் இல்லை! அந்த அண்ணன் இதோ, முன்வரிசையில். கைதட்டுங்கள்!

மறுநாள் மேலாளர் பழைய ஓய்வறைக்கு வந்தார்.

"இனிமே இந்தப் பெட்டி இங்க வேண்டாம். கழட்டி அனுப்பிடுங்க."

போச்சு. இனி எல்லோருக்கும் எப்போதும் ஆறிய சோறு. ஒருவர் மட்டும் குறுக்கே வந்தார். எதையும் எவரையும் தடுத்து நிறுத்துவதால் நாம் பிரேக் அக்கா என்று அழைக்கிறோமே, பஸ் கழுவும் அந்த அக்கா.

"சார், வண்டி பிரேக்டவுன் ஆனா வண்டியையே வித்துடுவீங்களா?"

மேலாளர் அக்காவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "சரி. அவர் வேலைக்குத் திரும்புற அன்னைக்கு நான் வந்து உக்காந்து பாப்பேன். ஒழுங்கா நடந்தா இருக்கட்டும். இல்லேன்னா அன்னைக்கே போயிடும்."

அன்று கூடி ஒரு வழக்கத்தை உண்டாக்கினோம். பஸ் வாசலுக்கு வரும்வரை டப்பா ஃபிரிட்ஜை விட்டு வெளியே வராது. வாசலில் ஓட்டுநர் ஒரே ஒரு ஹாரன் அடிப்பார். அப்போது அறையில் யார் முறையோ, அவர் எழுவார்.

அண்ணன் திரும்பிய நாள். மேலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பஸ் வரவில்லை. நேரம் ஆனது. வரவில்லை.

"ஏம்மா, பாவம், உடம்பு சரியில்லாம இருந்து வர்றவரு. லேசா சூடு பண்ணி வச்சா என்ன?" என்றார் மேலாளர்.

அது இரக்கமா, சோதனையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பாருங்கள், சார் சிரிக்கிறார். சொல்ல மாட்டார்.

ஒரு மெக்கானிக் தம்பியின் கை ஃபிரிட்ஜ் பக்கம் நீண்டது.

"கைய எடுடா," என்றார் அக்கா. "வண்டி வரட்டும்."

காத்திருந்தோம். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் அறிந்தேன்.

அப்போது கேட்டது. ஒரு ஹாரன். வாழ்நாளில் ஒருமுறையோடு நிறுத்தியறியாத மனிதர், ஒரே ஒருமுறை அடித்தார்!

அக்கா எழுந்தார். சோற்றைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றினார். குவிக்கவில்லை, பரப்பினார். மூடியை இறுக்கவில்லை; ஆவி போக இடம் விட்டார். பாதியில் நிறுத்தினார். அடிவரை கிளறினார். மறுபடி வைத்தார்.

"அக்கா, பசி உயிர் போகுது. குடுங்க."

"நடுவுல இன்னும் ஆவி வரல. உக்காருப்பா."

"பஸ் ஸ்டாப்புல நான்கூட இவ்ளோ நேரம் நிறுத்த மாட்டேன்."

"அதான் அன்னைக்கு நடுவழியில நிறுத்துனியே!"

அண்ணனே சிரித்துவிட்டார். நடுவிலிருந்து ஆவி எழுந்தது. வெளியே எடுத்தும் அக்கா உடனே தரவில்லை. சூடு உள்ளே பரவச் சற்று விட்டார். பிறகு தந்தார். அண்ணன் சாப்பிட்டார். ஓரத்திலும் சூடு. நடுவிலும் சூடு.

மேலாளர் எழுந்தார். பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தார்.

"இதையும் வச்சுடுங்க."

"வரிசையில வாங்க சார்," என்றார் அக்கா.

பெட்டி பிழைத்தது!

தோழர்களே, நாம் எதில் பெருமை கொள்வது? பளபளக்கும் பஸ்ஸிலா? புதுக் கட்டடத்தின் பூச்சிலா? கொள்ளலாம். ஆனால் என் பெருமை வேறு. இந்த ஊரையே சுமந்துவிட்டு வரும் ஒருவருக்காக, ஒரு ஹாரன் கேட்டதும் இங்கே ஓர் ஆள் எழுகிறாரே, அது என் பெருமை. பதற்றப்படாமல் காத்திருக்கக் கற்ற பாசம், அது என் பெருமை. பாதியில் நிறுத்திக் கிளறும் அந்தக் கை, அது நம் எல்லோருடைய பெருமை!

இன்னும் நிறைய சொல்ல நினைத்து...

கேட்டதா?

வாசலில். ஒன்று. ஒன்றே ஒன்று.

தலைவரே, மணியை நீங்கள் அடிக்க வேண்டாம். இன்று அறையில் என் முறை. கேட்ட செவிகளுக்கு நன்றி. வந்துகொண்டிருக்கும் பசிக்கு வணக்கம்.

வழி விடுங்கள்.