இரண்டு கையிலும் அழுத்தம் பார்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, நம் திருச்சபை மருத்துவமனை நிர்வாகத்தாரே, ஹவியா குடும்பத்தாரே, வெளித்தீவுகளிலிருந்து படகேறி வந்திருக்கும் டோங்கா மக்களே!

டாக்டர் லூபே ஹவியா போய்விட்டார். ஊரார் நெஞ்சுக்குள் எல்லாம் பார்த்துச் சொன்ன நம் ஸ்கேன் நிபுணர், தன் நெஞ்சைப் பார்க்க வழியில்லாமல் போய்விட்டார்! இந்த வயிற்றெரிச்சலை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

படத்தை மட்டும் பார்த்து அவர் முடிவு சொன்னதுண்டா? ஒருநாளும் இல்லை! கிழங்குத் தோட்டக்காரர் ஃபெலெதிக்கு நுரையீரலில் கட்டி. புற்றுநோய் என்றே மருத்துவர்கள் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அடக்க விருந்துக்கு வீட்டில் பன்றிகூடப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். சி.டி. ஸ்கேனில் கொழுப்பு கருப்பாகத் தெரியும்; அந்தக் கட்டிக்குள்ளும் அதே கருப்பைக் கண்டார் லூபே. நேரே வார்டுக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, எண்ணெய் ஏதும் உள்ள போகுதா?"

"மூக்கடைப்புக்குத் தினமும் நான்தான் டாக்டர் மூக்குல தேங்காயெண்ணெய் ஊத்துறேன்" என்றார் மனைவி. "எங்க வீட்டுல எல்லாருக்கும் அதான் வைத்தியம்."

"அவ்வளவும் நெஞ்சுல போய்த் தேங்கிக் கிடக்கு அக்கா! இவரை எண்ணெய் விடாமலே வறுத்துடலாம். ஊத்துறதை நிறுத்துங்க. பன்னியையும் அவுத்து விடுங்க."

அதோ, மாமரத்தடியில் குலுங்கிக் குலுங்கி அழுகிறாரே, அவர்தான் ஃபெலெதி.

புயலில் கூரை பிய்ந்து ஸ்கேன் மிஷின் நனைந்தது. மாற்றுப் பாகம் வரும், வரும் என்றார்கள் நிர்வாகத்தார். வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை, முதுகுவரை கிழிக்கிற நெஞ்சுவலியோடு லூபே என்னிடம் வந்தார். தன் இரண்டு கையிலும் தானே ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு கையில் எகிறியது. மறு கையில் எடுபடவே இல்லை.

"ரெண்டு கைக்கும் இவ்வளவு வித்தியாசம்னா, பெருந்தமனி கிழிஞ்சிருக்கு பேனி. விமானத்துக்குச் சொல்லு."

கடல் கடந்த பெரிய மருத்துவமனைக்குப் பேசினேன். "ஸ்கேன் படம் எங்கே?" என்றார்கள். லூபே போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"படம் இல்லைங்க. ரெண்டு கை இருக்கு, வலி இருக்கு, ஆயுசு பூரா இதையே பார்த்த நான் இருக்கேன். இது போதாதா?"

போதவில்லை! அவர்கள் விமானம் அனுப்ப ஒப்புக்கொண்டபோது லூபேயின் கண்களை நான் மூடிவிட்டிருந்தேன்.

அழுதுவிட்டுக் கலைந்துபோகவா கூடியிருக்கிறோம்? இனி கட்டிலோரம் உட்கார்ந்து கேட்காமல் ஒரு நோயாளிக்கும் நாங்கள் முடிவு சொல்ல மாட்டோம். நிர்வாகத்தாரே, உங்களுக்கும் ஒன்று. துக்கத்துக்காக எங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்கும் இந்தப் பாயை, அந்த மிஷின் ஓடுகிற நாள்வரை மருத்துவர்கள் யாரும் அவிழ்க்கப் போவதில்லை. வார்டுக்கும் இதைக் கட்டிக்கொண்டுதான் போவோம். நாளைக் காலை உங்கள் அறைக்கும் இதோடுதான் வருகிறோம்.